கொழுப்புக்குப் பயந்திருந்த ஒன்பது மாதம்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் 17 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எத்தனை பார் ஐஸ் போனது, எந்தப் படகுக்குப் போனது, எந்த லாரிக்காரர் பாக்கி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கும். மீனைத் தொடுகிற வேலை எனக்கு இல்லை. ஆனாலும் எந்த மீன் எப்போது விழுகிறது, எங்கே போகிறது என்பது ஐஸ் கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பேச்சாளை விழ ஆரம்பித்தால் ஐஸ் பற்றாது. கேரளா லாரிகள் வரிசையாக வந்து நிற்கும். அங்கே அதற்கு மத்தி என்று பெயர். விரும்பிச் சாப்பிடுகிறவர்கள். நசுங்கியது, வயிறு வெடித்தது எல்லாம் தனியாக ஒதுங்கி மீன் மாவுக்குப் போகும்.

அப்படி ஒரு பேச்சாளை ராத்திரியில்தான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. வெளியே லாரியில் ஐஸ் அடித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மேசையில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு அப்புறம் விழுங்க வேண்டிய மாத்திரையை எடுத்தேன். மஞ்சளாகக் கண்ணாடி மாதிரி இருக்கும் மீன் எண்ணெய் மாத்திரை. ஐஸ் உடைக்கிற அண்ணன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"அது என்ன தம்பி, வெளக்கெண்ணெய் மாதிரி?"

"மீன் எண்ணெய்ண்ணே. இருதயத்துக்கு நல்லதுன்னு வாங்கினேன்."

"வீட்ல மீனு வைக்கிறதில்லையா?"

"கொழுப்பு கூடிருச்சுன்னு மீனை நிப்பாட்டிட்டோம்ண்ணே."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொம்பை வைத்துவிட்டு லாரிக்குத் திரும்பிப் போனார். நான் டப்பாவைத் திருப்பிப் பின்னால் இருந்த எழுத்தைப் படித்தேன். ஒரு மாத்திரையில் ஈபிஏ 180 மில்லிகிராம், டிஎச்ஏ 120 மில்லிகிராம். இரண்டும் ஒமேகா-3 கொழுப்புகள். எந்த மீனிலிருந்து எடுக்கிறார்கள் என்று போனில் தேடினேன். மத்தி, நெத்திலி மாதிரியான சின்ன மீன்கள். ஜன்னலுக்கு வெளியே அந்த மீன்தான் டன் கணக்கில் கிடந்தது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

2022 பிப்ரவரியில் ரத்தப் பரிசோதனை செய்தேன். அப்போது எனக்கு 42 வயது, எடை 83 கிலோ. ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு 286 (150க்குள் இருக்க வேண்டும்), கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 142, எச்பிஏ1சி 6.1. எச்பிஏ1சி என்பது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, 5.7க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நடுவில் நின்றேன். டாக்டர் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார்: "எண்ணெய், கொழுப்பைக் குறைங்க, நடங்க." நடக்கச் சொன்னது என் காதில் விழவில்லை. கொழுப்பு என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. மீன் நின்றது. முட்டையில் மஞ்சள் கரு போனது. தேங்காய்ச் சட்னி போய்த் தக்காளிச் சட்னி வந்தது. சாயங்காலம் அவித்த கடலை தின்பது சின்ன வயதுப் பழக்கம். அதில் எண்ணெய் இருக்கிறது என்று அதையும் விட்டேன். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய்க்குப் பதிலாக மோர். அம்மா ஒருநாள் மனம் கேட்காமல் கும்புளா மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். குழம்பின் மேலே பொன்னிறமாக மிதந்த எண்ணெயைக் கரண்டியால் வழித்து வழித்து ஒரு கிண்ணத்தில் எடுத்து, அவள் கண் முன்னாலேயே அங்கணத்தில் ஊற்றினேன். அம்மா அந்த மாதம் முழுக்க மீன் வாங்கவில்லை.

எடுத்ததெல்லாம் சரி, வயிறு சும்மா இருக்குமா? காலையில் நாலு இட்லி போதாமல் ஏழு. பதினொரு மணிக்கு டீயும் ரஸ்க்கும். மதியம் ரசத்தை ஊற்றி மலை மாதிரி வெள்ளைச் சோறு. சாயங்காலம் 'கொழுப்பு இல்லை' என்று பாக்கெட்டில் எழுதியிருந்த பிஸ்கட். ராத்திரி பிரெட்டும் ஜாமும். உடம்புக்கு நல்லது என்று பாட்டில் பழச்சாறு வேறு. எவ்வளவு தின்றாலும் இரண்டு மணி நேரத்தில் பசித்தது. ஒன்பது மாதம் இப்படி ஓடியது.

நவம்பரில் மறுபடியும் பரிசோதனை. டிரைகிளிசரைடு 391. எச்பிஏ1சி 6.4. எடை இரண்டு கிலோ கூடியிருந்தது.

எனக்கு உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. கொழுப்பே சாப்பிடாதவனின் ரத்தத்தில் கொழுப்பு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியோடு ராமநாதபுரத்தில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் மருந்துச் சீட்டை எடுப்பதற்கு முன்னால், ஒரு வாரம் சாப்பிடுவது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். கணக்கு எழுதுவது என் தொழில். டீக்கு எத்தனை ஸ்பூன் சீனி, சோறு எத்தனை கரண்டி, பிஸ்கட் எத்தனை என்று தேதி, நேரம் போட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ரஸ்க், பிஸ்கட், சோறு, ஜாம், ஜூஸ் எல்லாவற்றையும் சுழித்தார். அப்புறம் நிமிர்ந்து கேட்டார்:

"எண்ணெயை எடுத்துட்டீங்க. எடுத்த இடத்துல என்ன வச்சீங்க?"

எனக்கு எல்லாம் விளங்கியது அந்த ஒரு கேள்வியில்தான். இந்தப் பதிவை எழுதுவதும் அதற்காகத்தான். தேவைக்கு மேல் போகிற மாவையும் சீனியையும் ஈரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அந்தக் கொழுப்புதான் டிரைகிளிசரைடு. கெட்ட கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மைதாவையும் சீனியையும் வைத்தால் இருதயத்துக்கு ஒரு லாபமும் இல்லை. கடலை, எள், மீன் இவற்றில் இருக்கிற கொழுப்பை வைத்தால்தான் லாபம். நானோ எடுக்க வேண்டியதையும் வைக்க வேண்டியதையும் சேர்த்தே வெளியே தள்ளியிருந்தேன்.

மீன்தான் முதலில் திரும்பி வந்தது. வாரத்தில் இரண்டு தடவையாவது மீன், முக்கியமாக எண்ணெய்ச் சத்துள்ள மீன் சாப்பிடுங்கள் என்று அமெரிக்க இருதயச் சங்கம் தன் நாட்டு மக்களுக்குச் சொல்கிறது. அவர்கள் அதற்குச் சால்மனைத் தேடிப் போவார்கள். நமக்குப் பேச்சாளை, சூடை, கும்புளா, நெத்திலி இருக்கின்றன. நல்ல பருவத்தில் 100 கிராம் பேச்சாளையில் ஒரு கிராமுக்கு மேலேயே ஒமேகா-3 இருக்கும். என் மாத்திரைக் கணக்கில் அது மூன்று நாலு மாத்திரை. இந்தக் கொழுப்பை மீன் தானாக உண்டாக்குவதில்லை. கடலில் மிதக்கும் நுண்ணிய பாசிகள்தான் உண்டாக்குகின்றன. மிதவை உயிர்களை வடிகட்டித் தின்கிற சாளையின் உடம்பில் அது சேர்கிறது.

எங்கள் தெருவுக்கு வருகிற மீன்காரக்காவுக்கு ஒமேகா என்ற சொல் தெரியாது. ஆனால் மீனைக் கையில் எடுத்ததுமே "இன்னைக்கு நெய் வச்சிருக்கு தம்பி, வாங்கிக்க" என்றோ, "முட்டை போட்ட மீனு, சக்கை, வேண்டாம்" என்றோ சொல்லிவிடுவார். அவர் சொல்வது முழு உண்மை. சாளையின் கொழுப்பு வருடம் முழுக்க ஒரே அளவில் இருக்காது. முட்டையிட்டு முடித்தபின் மெலிந்துவிடும், இரை தின்று தேறியபின் கூடும். முதுகு அகலமாக, அடிவயிறு தடித்து, அறுக்கும்போது கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டினால் அது நல்ல பருவம்.

ஐஸ் கம்பெனிக்காரனாக ஒன்று சொல்கிறேன், இதைக் கவனமாகக் கேளுங்கள். எண்ணெய் உள்ள மீன்தான் சீக்கிரம் கெடும். அந்த நல்ல கொழுப்பு காற்றுப் பட்டால் வேகமாகக் காறிப்போகிற கொழுப்பு. சாளைக்கும் கும்புளாவுக்கும் மீன் பிடிபட்ட நேரத்திலிருந்தே ஐஸ் வேண்டும். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த கும்புளாவில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும். முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிக்கும், தலை வலிக்கும். பலர் அதை மீன் அலர்ஜி என்று நினைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க மீனை விட்டுவிடுகிறார்கள். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, வயிறு கட்டியாக இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அன்றைக்குப் பருப்புக் குழம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

வறுப்பதைக் குறைத்துவிட்டோம். எண்ணெயில் மூழ்க வறுத்தால் மீனின் நெய் வெளியே போய், வாணலி எண்ணெய் உள்ளே ஏறிக்கொள்கிறது. குழம்பில் போட்டால் நெய் குழம்போடுதான் கிடக்கும், எங்கும் போகாது. அம்மாவின் பேச்சாளைக் குழம்பு இப்படித்தான். மண்சட்டியில் நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன், வெந்தயம், சின்ன வெங்காயம், தக்காளி. மல்லியும் சீரகமும் வறுத்து, அரை மூடித் தேங்காயோடு முண்டு மிளகாய் வத்தலையும் வைத்து அம்மியில் அரைத்த மசாலா. ராமநாதபுரம் முண்டு 2023ல் புவிசார் குறியீடு வாங்கியபோது ஊரெல்லாம் பெருமையாகப் பேசினார்கள். குண்டாக, தோல் தடித்து, குழம்புக்கு நல்ல நிறம் கொடுக்கிற வத்தல் அது. புளி கரைத்து ஊற்றிக் கொதித்து மசாலா வாடை போனபின் மீனைப் போடுவாள். ஏழெட்டு நிமிடம், அவ்வளவுதான். கரண்டி போடுவதில்லை, சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து ஒரு சுற்று ஆட்டுவாள். இறக்கி ஒரு மணி நேரம் மூடி வைத்தால் மேலே நெய் தெளிந்து நிற்கும்.

தங்கச்சிமடத்தில் எங்கள் அப்பத்தா இருந்தவரை இந்த நெய்க்காக நாங்கள் அடித்துக்கொள்வோம். அப்பத்தா குடும்பம் 1964 டிசம்பர் புயலுக்கு அப்புறம் தனுஷ்கோடியை விட்டு வந்தது. கட்டியிருந்த துணியைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்லும். எத்தனையோ இழந்த மனுசி, சாப்பாட்டில் மட்டும் ஒன்றையும் வீணாக்காது. மீன் தலை, குடல் நீக்கிய சினை, காரல் மீன் அவித்த தண்ணீர் எல்லாமே அதற்கு மருந்துதான். பிள்ளை பெற்றவளுக்குக் காரல் தண்ணி, பால்சுறாப் புட்டு. இருமினால் நண்டு ரசம். நான் அங்கணத்தில் நெய்யை ஊற்றியதை அது பார்த்திருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் நாலு பேர்: அம்மா, நான், மனைவி, ஒன்பதாவது படிக்கிற மகள். முன்பு மாதம் நாலரை லிட்டர் எண்ணெய் ஆனது, பெரும்பகுதி பாமாயில். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற பாமாயிலை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் அடுப்பே எரியாத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. ஆனால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைய, எல்டிஎல்லைக் கூட்டுகிற நிறைவுற்ற கொழுப்பு. அதிலேயே அப்பளம், வடை, வறுவல் என்று தினமும் பொரித்து, மிஞ்சியதை மறுநாள் தாளிப்புக்கு ஊற்றினோம். அதுதான் எங்கள் தப்பு.

இப்போது மாதம் இரண்டு லிட்டர். ஒன்று நல்லெண்ணெய், ஒன்று கடலை எண்ணெய். நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 15 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் ஓலிக், லினோலிக் என்ற இரண்டு நல்ல வகை, பாதிப் பாதியாக. சீக்கிரம் காறிப்போகாமல் காப்பதற்கு எள்ளிலேயே இயற்கையாகச் சில பொருட்கள் இருக்கின்றன. ராமநாதபுரத்தில் ஒரு செக்குக்குப் போய், எள்ளை நானே வாங்கிக் கொடுத்து ஆட்டி வாங்குகிறேன். கூடக் கருப்பட்டியும் கொண்டுபோக வேண்டும். ஆட்டும்போது கருப்பட்டி போட்டால்தான் எள் எண்ணெயை விடும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள் வேண்டும். எள் விலையை இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். அதற்கும் குறைந்த விலையில் ஒருவர் 'சுத்தமான செக்கு நல்லெண்ணெய்' விற்றால், அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நல்லெண்ணெய் நல்லது என்பதற்காக ஊற்றிக்கொண்டே இருக்கவும் கூடாது. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தில் 4தான். எண்ணெயை விட அந்த வித்தையே தின்பது மேல் என்பது என் அனுபவம். அவித்த கடலை ஒரு கிண்ணம் தின்றால் நார்ச்சத்தும் புரதமும் கூடவே வருகின்றன, வயிறும் நிறைகிறது. சாயங்கால பிஸ்கட்டை ஒழித்தது அதுதான். இப்போது தின்பது கடலை, தேங்காய்ச் சில்லு, முழு முட்டை, எள்ளுருண்டைக்குப் பதிலாக வறுத்த எள்ளுப்பொடி. முருங்கைக்கீரையைக்கூட எண்ணெய் இல்லாமல் வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தேன். கீரையில் உள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் ஒட்ட வேண்டுமென்றால் கொஞ்சம் கொழுப்பு கூடவே வேண்டும். துருவிய தேங்காயும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் போட்டு அம்மா முன்பு வதக்கியதுதான் சரியான முறை.

தேங்காயைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உச்சிப்புளியிலிருந்து தங்கச்சிமடம் வரைக்கும் எங்கள் பக்கம் தென்னந்தோப்பு. தேங்காய் இல்லாமல் குழம்பு கிடையாது. அது வேறு, தினமும் காலையில் இரண்டு ஸ்பூன் தேங்காயெண்ணெய் குடித்தால் கொழுப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது வேறு. தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது எல்டிஎல்லைக் கூட்டும். அரை மூடித் தேங்காயை அரைத்து நாலு பேர் குழம்பாகச் சாப்பிடுவதில் எனக்குப் பயமில்லை. எண்ணெயாகக் குடிப்பதை, எனக்கிருக்கிற எல்டிஎல்லை வைத்துக்கொண்டு, நான் செய்ய மாட்டேன்.

டால்டாவும் இனிப்புக்கடை, பேக்கரிச் சாமான்களும் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. எண்ணெய், வனஸ்பதி, உணவுப்பொருளில் சேர்கிற எண்ணெய் எதிலும், இருதயத்துக்கு ரொம்பக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனாலும் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே எண்ணெயில் கொதிக்கும் வாணலி என் தெருமுனையில் இருக்கும்போது, வீட்டிலேயே செய்வது நிம்மதி. பரோட்டா மாதம் ஒருமுறை. மகளோடு வெளியே போகிற அன்று, மனநிறைவோடு சாப்பிடுவேன்.

சோற்றில்தான் எனக்குக் கஷ்டம் இருந்தது. பாலிஷ் போட்ட வெள்ளரிசிக்குப் பழகிய வாய். டாக்டரம்மா சிவப்பரிசியைச் சொன்னபோது, திருப்புல்லாணிப் பக்கம் மானாவாரியில் விளைகிற சித்திரைகார் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அப்பத்தா வீட்டில் அந்தக் கஞ்சிதான். தெரிந்த ஒரு விவசாயியிடம் பத்துக் கிலோ வாங்கினோம். முதல் வாரம் மகள் தொடவே இல்லை. ஒரு பங்கு சித்திரைகார், இரண்டு பங்கு வழக்கமான வெள்ளரிசி என்று கலந்து ஆரம்பித்து, ஆறு மாதத்தில் பாதிப் பாதிக்கு வந்தோம். முதல் நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும், தண்ணீர் கூட வேண்டும். தவிடு போகாத அரிசியில் பி வைட்டமின், நார்ச்சத்தோடு எண்ணெயும் இருக்கிறது. மொத்தமாக வாங்கி வைத்தால் அந்த எண்ணெய் காறி, அரிசியில் ஒரு வாடை வரும். அதனால் இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கி வைப்பதில்லை. அளவும் குறைந்தது. முன்பு தட்டில் முக்கால் பாகம் சோறு, ஓரத்தில் கூட்டு. இப்போது பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு சோறு. கால் தட்டு மீன் அல்லது பருப்பு. குதிரைவாலியும் கேழ்வரகும் வாரத்தில் இரண்டு ராத்திரி.

கருவாட்டையும் கருப்பட்டியையும் பற்றி எழுதாமல் விட்டால் அது நேர்மை இல்லை. இரண்டும் எங்கள் கடற்கரையின் உயிர். பழையசோற்றுக்குச் சுட்ட நெத்திலிக் கருவாட்டைப் போல் ஒன்று உலகத்தில் கிடையாது என்று நான் நம்புகிறேன். ஆனால் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம், எனக்கும் லேசாக. அதனால் மாதம் இரண்டு தடவை, வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்து அலசியபின். கருப்பட்டிக்கும் இதே கணக்குதான். சாயல்குடிக் கருப்பட்டியின் மணம் சீனிக்கு எந்தக் காலத்திலும் வராது. ஆனாலும் பதநீரைக் காய்ச்சி எடுத்த சர்க்கரைதான் அது. ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 'கருப்பட்டிதானே, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்று சொல்லிச் சொல்லியே சர்க்கரையை ஏற்றிக்கொண்ட உறவினர்கள் எனக்கு இருக்கிறார்கள். கீழக்கரையிலிருந்து ஒரு முஸ்லிம் அண்ணன், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், பெருநாளைக்குத் தொதல் என்ற இனிப்பு அனுப்புவார். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் மணிக்கணக்கில் கிண்டிச் செய்தது. அதில் ஒரு துண்டு, ரசித்துச் சாப்பிடுவேன். மீதியை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விடுவேன்.

வருடத்தில் எங்களுக்கு ஒரு சோதனைக் காலம் உண்டு. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் கிடக்கும். ஐஸ் கம்பெனியிலும் வேலை பாதியாகும், சம்பளத்திலும் அது தெரியும். நாட்டுப்படகும் கரைவலையும் மட்டும் ஓடும். கிடைக்கிற மீனின் விலை ஏறிவிடும். முதல் வருடம் அந்த மாதங்களில் பழைய வழக்கத்துக்கு வழுக்கி விழுந்தேன், ரஸ்க் திரும்ப வந்துவிட்டது. அடுத்த வருடம் முன்கூட்டியே யோசித்தோம். முட்டை, கொண்டைக்கடலை, தட்டப்பயறு, கடலை, எள்ளுத் துவையல். பனைமரம் அந்த நேரத்தில்தான் கைகொடுக்கிறது. சாயங்காலம் சைக்கிளில் நுங்கு வரும். மகளுக்கு நகத்தால் தோண்டித் தின்னச் சொல்லிக்கொடுத்தேன். எப்போதாவது கரைவலையில் சூடை விழுந்தது என்று தகவல் வந்தால், வண்டியை எடுத்துக்கொண்டு தென்கடல் பக்கம் போய்விடுவேன்.

செலவைக் கேட்கிறவர்களுக்கு: எங்களுக்குக் கூடவில்லை. வெளியூர்க்காரர்கள் தேடி வாங்கும் வஞ்சிரம் கிலோ ஆயிரத்தைத் தாண்டும் நாளில், பேச்சாளை 150 ரூபாய்க்குள் கிடைக்கும். செக்கு எண்ணெய் விலை அதிகம்தான், ஆனால் பாதிக்கும் குறைவாகத்தான் வாங்குகிறோம். பிஸ்கட், ஜூஸ், மாத்திரைப் பணம் மிச்சம். கூடுவது நேரம்தான். மீன் ஆய வேண்டும், அரிசி ஊறப்போட வேண்டும், கீரை ஆய வேண்டும். அந்த வேலையை அம்மா தலையிலும் மனைவி தலையிலும் போட்டுவிட்டு 'நான் உணவு முறையை மாற்றினேன்' என்று எழுதுவது சரியில்லை. மீன் ஆய்வதும் கீரை ஆய்வதும் இப்போது என் வேலை. முதல் மாதம் கையெல்லாம் முள்.

கடைசியாக எடுத்த பரிசோதனையில் டிரைகிளிசரைடு 158, எல்டிஎல் 121, எச்பிஏ1சி 5.8, எடை 76. இதில் நடையும் சேர்த்தி; காலையில் 40 நிமிடம், மழை நாள் தவிர. ரத்த அழுத்த மாத்திரையைத் தொடர்ந்து போடுகிறேன், டாக்டரம்மா சொல்லாமல் நிறுத்தமாட்டேன். நீங்களும் என்னைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். மீன் எண்ணெய் மாத்திரையை அவரே நிறுத்தச் சொன்னார். மீன் சாப்பிட முடியாதவர்களுக்கும், டிரைகிளிசரைடு மிக அதிகமாகி மருந்து அளவில் தேவைப்படுகிறவர்களுக்கும் அது வேறு கணக்கு என்றார்.

போன வாரம் புதன்கிழமை படகுகள் போய், வியாழக்கிழமை விடியற்காலையில் பேச்சாளை வந்து இறங்கியது. அந்த ஐஸ் உடைக்கிற அண்ணன் எனக்காக ஒரு கிலோவை ஒதுக்கி, பையில் ஐஸ் போட்டுக் கட்டி, என் மேசைக்குக் கீழே வைத்திருந்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. வீட்டுக்குப் போய் ஆய்ந்தேன். கத்தியில் நெய் ஒட்டியது. அம்மா குழம்பு வைத்து மூடினாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிஃபார்மோடு அடுப்படிக்கு வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"அப்பா, மேல நிக்கிறதை எனக்கு ஊத்துங்க."

கரண்டியைச் சட்டிக்குள் விடாமல் மேலாக வழித்து, அவள் சோற்றில் ஊற்றினேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்குக் கொஞ்சம் வச்சுக்கடா" என்றாள்.